தலையணை மேல் ஒரு செருப்பு

ஜூன் 3

தம்பிக்கு,

நீ போனை எடுக்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. நேற்று உன் மனைவி எடுத்து, "அவரு மாடியில இருக்காரு அண்ணி" என்றாள். உங்கள் வீட்டில் மாடியே கிடையாது. நீ அவளை 'மேடம், மேடம்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அவள் மேடமாகிவிட்டாள். அந்த மேடத்தைப் பொய் சொல்ல வைக்காதே. அவளுக்கு அது வரவில்லை.

அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் நினைவு வைத்திருக்கிற விதமும் நீ வைத்திருக்கிற விதமும் ஒன்றாக இருக்காது. உன் கடை ஆட்கள் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார்கள். நாம் மிளகு என்று கூப்பிடுகிற உன் மகள் ஒரு கையில் தன் செருப்பை வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றாள். நான் விளையாட்டாகத்தான், "அந்தச் செருப்ப தலகாணி மேல வை, பாக்கலாம்" என்றேன். அவள் ஓடிப்போய் அதை வாசல் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள். எல்லோரும் "சமத்து, சமத்து" என்று கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. நீ அதைப் பார்த்துவிட்டாய். சின்ன வயதிலிருந்தே முகத்தைப் பார்த்து விஷயத்தைப் பிடிப்பதில் உனக்கு இணை கிடையாது.

சமையலறையில் நான் சொன்னது இவ்வளவுதான்: "அவளுக்கு நான் சொன்னது புரியலைடா." அதற்கு நீ, "என் பொண்ணு உன் கேஸ் இல்ல" என்றாய். பிறகு நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆகஸ்டில் அவளுக்கு நாலு முடிகிறது. இரண்டு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசுவதில்லை. "பேச்சுதான் இல்ல, ஆனா எல்லாம் புரியும்" என்று நீ சொல்கிறாய். ஆஸ்பத்திரியில் என் பேச்சுப் பயிற்சி அறைக்கு வருகிற எல்லா அம்மா அப்பாவும் இதையேதான் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. நீ சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு "செருப்ப எடு, போகலாம்" என்றால் அவள் செருப்பை எடுக்கிறாள். சாவி இல்லாமல் சொன்னால் எடுப்பாளா? செருப்பு போகக்கூடாத ஓர் இடத்தில் வைக்கச் சொன்னால் வைப்பாளா? ஒரே ஒரு தடவை பார்த்ததை வைத்து எதுவும் சொல்லக்கூடாது என்று என் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். ஆனாலும் சொல்லிவிட்டேன். சொன்னது தப்பா, சொன்ன இடம் தப்பா என்பதுதான் எனக்குத் தெளிவாகவில்லை.

அக்கா

ஜூன் 10

அக்கா,

கடிதம் வந்தது. இரண்டு நாள் வைத்திருந்து படித்தேன். இதுதான் நல்லது. போனில் நீ பேசிக்கொண்டே போவாய், நான் 'ம்' கொட்டுவேன். வைத்த பிறகு எதற்கு 'ம்' என்றேன் என்று எனக்கே தெரியாது. இனி எழுது. போன் வேண்டாம்.

நான் வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்ணுகிறவன். விருந்துக்குப் போகிற வீட்டில் எல்லாம் மெஷின் சத்தத்தைக் கேட்டு, "உங்க பெல்ட் போயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தால் யாராவது எனக்கு சோறு போடுவார்களா? நீ அதைத்தான் செய்தாய். அதுவும் என் கடை ஆட்கள் முன்னால். மறுநாள் கடையில் ஒருத்தன், "உங்க அக்கா ஏன் அப்டி முழிச்சாங்க?" என்று கேட்டான். அசிடிட்டி என்றேன்.

செருப்பை அலமாரியில் வைத்தால் தப்பா? தலையணை மேல் வைத்திருந்தால் அவள் அம்மா முதுகில் ஒன்று போட்டிருப்பாள். என் பொண்ணு உன்னைவிட நல்லதாக யோசித்தாள் என்று வைத்துக்கொள்ளேன்.

நானும் நாலு வயசு வரைக்கும் பேசவில்லையாம். அம்மா சொல்லியிருக்கிறாள். உனக்குத் தெரியாததா? இப்போது நான் என்ன ஊமையாகவா இருக்கிறேன்? கடையில் என்னைவிட ஜோக் அடிக்கிறவன் கிடையாது. கல்யாணம் ஆகிவிட்டது, வீடு இருக்கிறது, வண்டி இருக்கிறது. நான் எப்படி வந்தேனோ அவளும் அப்படி வந்துவிட்டுப் போகிறாள்.

பால்வாடி மிஸ் அடுத்த வருஷம் பெரிய ஸ்கூலில் சேர்க்கலாம் என்று சொல்லிவிட்டார். "ரொம்ப அமைதியான குழந்தை" என்றார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் சொன்னால் அதற்கும் ஒரு வியாதிப் பெயர் வைப்பாய்.

தம்பி

ஜூன் 14

தம்பிக்கு,

அசிடிட்டி எனக்கு நிஜமாகவே இருக்கிறது. அதனால் அந்தப் பொய்யை மன்னித்தேன்.

நீ சொல்வதில் பாதி சரி. தாமதமாகப் பேச ஆரம்பிக்கிற குழந்தைகள் பலர் தாமாகவே எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். சிலர் பிடிப்பதில்லை. இரண்டு வயதில் இரு கூட்டமும் ஒரே மாதிரி இருக்கும். யார் எந்தக் கூட்டம் என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது. நாலு வயதை ஒட்டித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும். அதிலும் பேச்சைவிட, காதில் விழுவது எவ்வளவு உள்ளே போகிறது என்பதைத்தான் நாங்கள் அதிகம் பார்ப்போம். மிளகுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. போன வருஷமே அதைப் பார்த்தாயிற்று. கேட்கிறது. ஆனால் கேட்டதும் என்ன ஆகிறது?

என்னால் அவளைப் பார்க்க முடியாது. சொந்தக்காரக் குழந்தைகளை மதிப்பிடக்கூடாது என்பது எங்கள் வேலையின் விதி. அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த விதி எதற்காக இருக்கிறது என்று எனக்கே விளங்கிவிட்டது.

ஆனால் உன் ஊரில் பேச்சு தாமதமான குழந்தைகளுக்கான மையத்தில் ஒரு சிறுவகுப்பு இருக்கிறது. எட்டுக் குழந்தைகள், இரண்டு ஆசிரியைகள், தினமும் பேச்சுப் பயிற்சி. ஜூலை கடைசியில் சேர்க்கையை முடித்துவிடுவார்கள். மதிப்பீட்டு ரிப்போர்ட்டில் மார்க் ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால்தான் இடம் கிடைக்கும். என் பயம் என்ன தெரியுமா? பெரிய ஸ்கூலில் நாற்பது குழந்தைகள். டீச்சர் ஒன்று சொல்வார். மிளகு பக்கத்துப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பாள், ஒரு நொடி தாமதமாக அதையே செய்வாள். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். "அமைதியான குழந்தை" என்பார்கள். ஐந்தாம் வகுப்பில் அதுவே "கவனமில்லாத குழந்தை" ஆகும். பிறகு "படிப்பு ஏறாத குழந்தை".

இல்லை, நான் தப்பாகவும் இருக்கலாம். இருந்தால் நல்லது. ஒரு தடவை போய்வந்துவிடு.

அக்கா

ஜூன் 27

அக்கா,

போய்வந்தோம். கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு படி. உன் கணிப்பில் ஒரு ஓட்டை.

ரிப்போர்ட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். மிளகு கோட்டுக்கு மேலே! கொஞ்சம்தான் மேலே. ஆனால் மேலே என்றால் மேலேதான். ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாமாம். உன் சிறுவகுப்பு அவளுக்குத் தேவையில்லையாம்.

டெஸ்ட் வைத்தது ஒரு சின்னப் பெண். கண்ணாடி போட்டிருந்தாள். மேடம் அவளுக்குக் 'கண்ணாடிப் பொண்ணு' என்று பெயர் வைத்துவிட்டாள். அறையில் எல்லாமே குட்டி. நாற்காலியில் உட்கார்ந்தால் என் முழங்கால் காதைத் தொடுகிறது. மிளகு வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். என் சட்டையை விடவில்லை. கண்ணாடிப் பொண்ணு எவ்வளவோ பொம்மை காட்டினாள். ஒன்றும் வேலைக்காகவில்லை. கடைசியில், "சரி சார், நீங்க மடியிலயே வெச்சுக்கங்க. ஆனா எதுவும் சொல்லிக் குடுக்கக் கூடாது" என்றாள். "வாயத் தொறந்தா கேளுங்க" என்றேன்.

ஒரு பக்கத்துக்கு நாலு படம். அவள் சொல்வாள், மிளகு கை வைக்க வேண்டும். "வாளி எது?" வைத்தாள். "ஓடுற பொண்ணு எது?" வைத்தாள். ஒவ்வொரு தடவையும் திரும்பி என் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு, பிறகு கை. கை வைத்ததும் மறுபடி என்னைப் பார்ப்பாள். நான் கையைக் கட்டிக்கொண்டு சிலை மாதிரி இருந்தேன். கொஞ்சம் பெரிய வாக்கியமாக வந்ததும் அங்கங்கே தடுமாறினாள். அது தடுமாறுகிற மாதிரிதான் இருந்தது, அக்கா. எவன் அப்படிப் பேசுகிறான்? பேசச் சொன்னபோது அதிகம் பேசவில்லை. கூச்சம் என்று கண்ணாடிப் பொண்ணே எழுதிக்கொண்டாள்.

வரும் வழியில் மேடம் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன, சந்தோஷம் இல்லையா?" என்றேன். "இருக்கு" என்றாள்.

நீ அடுத்த தடவை வரும்போது கை தட்ட வேண்டும். கடை ஆட்கள் முன்னால்.

தம்பி

ஜூலை 2

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்தவுடன் சந்தோஷப்பட்டேன். ரிப்போர்ட்டை மடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். பாதி டீயில் உன் வரி ஒன்று திரும்ப வந்தது. "ஒவ்வொரு தடவையும் திரும்பி என் முகத்தைப் பார்த்து."

எங்கள் அறையில் பெற்றோரின் நாற்காலி குழந்தையின் முதுகுக்குப் பின்னால், சுவரை ஒட்டிப் போடப்பட்டிருக்கும். குழந்தை எவ்வளவு அழுதாலும் முகம் தெரியாமல் பார்த்துக்கொள்வோம். ஏனென்றால் "வாளி" என்று காதில் விழுந்த கணமே நம் கண் வாளிப் படத்துக்குப் போய்விடும். உனக்கும் போகும், எனக்கும் போகும், நிறுத்த முடியாது. நீ ஏமாற்றினாய் என்று நான் சொல்லவில்லை. நீ சிலையாக இருந்திருப்பாய், கண் மட்டும் இருந்திருக்காது. அந்தப் பெண் செய்தது விதிப்படி சரியில்லை. அழுகிற குழந்தை முன்னால் நானும் அதைச் செய்திருப்பேனோ என்னவோ.

அவள் படத்தைப் பார்த்துப் பதில் சொன்னாளா, உன்னைப் பார்த்துச் சொன்னாளா? எனக்குத் தெரியவில்லை. ரிப்போர்ட்டுக்கும் தெரியாது.

இன்னொன்றை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். ரிப்போர்ட்டில் தப்பாக விழுந்த கேள்விகள் எல்லாமே நீளமானவை. "பந்தைத் தொடுவதற்கு முன்னால் கரண்டியைக் கூடையில் போடு." "படுத்திருக்கும் நாய்க்குப் பின்னால் நிற்கிற பையன் குல்லா போடவில்லை." இந்த மாதிரி. உன் கண்ணைப் பார்த்து அவள் பதில் சொல்லியிருந்தால் இவையும் சரியாக வந்திருக்க வேண்டுமே? ஏன் வரவில்லை? அப்படியென்றால் அவள் உன்னைப் பார்க்கவில்லை, சொந்தமாகத்தான் செய்தாள் என்று ஆகிறது. அப்படியென்றால் அந்தச் செருப்பு? எவ்வளவு யோசித்தாலும் தலையும் வாலும் பொருந்தவில்லை.

இன்னொரு முறை போங்கள். நீ வெளியே உட்கார்.

அக்கா

ஜூலை 6

அக்கா,

காப்பி அடித்தேன் என்கிறாய். நேராகச் சொல்லேன்.

பத்தாம் வகுப்பில் காப்பி அடித்துத்தான் பாஸ் செய்தேன். ஊருக்கே தெரியும். அதற்காக என் பொண்ணுக்கும் பிட் கொடுப்பேனா? நான் வாயைத் திறக்கவில்லை, கையை அசைக்கவில்லை. இப்போது கண்ணும் குற்றம். அடுத்த தடவை மூச்சு விட்டது குற்றம் என்பாய்.

மையத்தில் படித்தவள் ஒருத்தி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அது உனக்குப் போதாது. உனக்கு எங்கள் வீட்டில் ஒரு வியாதி வேண்டும்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். நீளமானது ஏன் விழுந்தது என்று. அதை நாலு தடவை படித்தேன். நீ என்ன சொல்ல வருகிறாய்? ஒன்றும் பிடிபடவில்லை. மேடத்திடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தாள். "என்ன எழுதியிருக்கா?" என்றேன். "அண்ணிக்கே தெரியலையாம்" என்றாள்.

கொஞ்ச நாள் எழுதாதே.

தம்பி

ஜூலை 19

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். சேர்க்கை மாதக் கடைசியில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கேள்விக்குள் குத்தல் எதுவும் இல்லை. எனக்குப் புரியாததை உன்னிடம் கேட்டேன். அவ்வளவுதான். இந்த இரண்டு வாரத்தில் எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நேற்று ஒரு பையன் வந்தான். எல்லாம் சரியாகச் செய்தான். நான் நம்பாமல் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் அம்மா, "அவனுக்குப் பசிக்குது மேடம், விட்டுடுங்களேன்" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மையத்துக்குப் போக வேண்டாம். என்னை நம்பவும் வேண்டாம். உன் வீட்டிலேயே நீயே செய்து பார். கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள். கண்ணை மூடிக்கொள். யாரும் செய்யாத காரியமாக, கோணங்கித்தனமாக ஏதாவது சொல். சீப்பை வாளியில் போடு, டம்ளரைக் கட்டிலுக்கு அடியில் வை என்று. எல்லாம் அவளுக்குத் தெரிந்த பொருளாக இருக்கட்டும்.

செய்துவிட்டாள் என்றால் ஒரு வரி எழுதிப் போடு. உன் கடை ஆட்களைக் கூப்பிடு, நான் பஸ் ஏறி வந்து எல்லார் முன்னாலும் கை தட்டுகிறேன். செய்யவில்லை என்றால் எனக்கு எழுதக்கூட வேண்டாம். உனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

அக்கா

ஜூலை 28

அக்கா,

இது நீளமான கடிதம். மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தேன். உன்னைத் தோற்கடிக்கத்தான். மேடத்தை ஓரமாக உட்கார வைத்து, "நீ சாட்சி" என்றேன். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். கை பாக்கெட்டில். கண்ணை மூடிக்கொண்டேன். "மிளகு, சீப்பை வாளில போடு" என்றேன்.

ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வருகிற சத்தம் கேட்டது. என் முழங்காலில் சீப்பு வந்து விழுந்தது. கண்ணைத் திறந்தால் முதுகைக் காட்டி நிற்கிறாள். தலை வாரச் சொல்கிறாள். சரி, சீப்பு என்றால் அப்படித்தான் என்று இன்னொன்று சொன்னேன். "டம்ளர கட்டிலுக்கு அடியில வை." டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். கால்வாசி வழியிலேயே கொட்டிவிட்டது. உன் செருப்பையும் சொன்னேன். அது அலமாரிக்குப் போனது.

பிறகு எடுத்து வருகிற பொருள் எதையும் சொல்லாமல், "ஜன்னல் பக்கத்துல போய் உக்காரு" என்றேன். இந்தத் தடவை சத்தமே இல்லை. நான் கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் முகத்துக்குப் பக்கத்தில் மூச்சு கேட்டது. ஈர விரல். என் கண் இமையைப் பிடித்து மேலே தூக்கினாள், அக்கா. ஒரு கண், பிறகு அடுத்த கண். கதவைத் திறக்கிற மாதிரி. திறந்தால்தானே அவளுக்கு வழி தெரியும்?

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது மேடம் சிரித்துக்கொண்டிருந்தாளா அழுதுகொண்டிருந்தாளா என்று தெரியவில்லை. இரண்டும் கலந்த மாதிரி. "இப்ப நீங்க கண்ண மூடுங்க" என்றாள். "எனக்கென்ன டெஸ்ட்டு?" "மூடுங்களேன்." மூடினேன். "பீரோ மேல இருக்கற டார்ச்ச எடுக்கறதுக்கு முன்னாடி, கொடில காயற நீலத் துண்ட மடிச்சு, உங்க சட்டைக்கு அடியில வெச்சுட்டு வாங்க" என்றாள். நான் போனேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தேன். வேறென்னமோ சொன்னாள் என்று தெரிகிறது, என்ன என்று தெரியவில்லை. "இவ்ளோ நீட்டமா சொன்னா யாருக்கு ஞாபகம் இருக்கும்?" என்றேன்.

"ஏங்க," என்றாள், "கல்யாணம் ஆனதுலேருந்து நான் உங்ககிட்ட ஒரு தடவைக்கு ஒண்ணுதான் சொல்றேன். நீங்க கவனிச்சதே இல்லையா?"

நான் கவனிக்கவில்லை. அவள் அமைதியான பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே மையத்துக்குப் போனோம். நான் வெளியே பெஞ்சில். மிளகு உள்ளே அழுதாள், பிறகு நிறுத்தினாள். கண்ணாடிப் பொண்ணு வெளியே வந்தபோது அவள் முகத்தில் ஈ ஆடவில்லை. "என் தப்பு சார், அன்னிக்கு மடில உக்கார வெச்சிருக்கக் கூடாது" என்றாள். மார்க் கோட்டுக்கு ரொம்பக் கீழே. சிறுவகுப்பில் இடம் கொடுத்துவிட்டார்கள்.

நான் அவளிடம், "போன தடவை தப்பா வந்துச்சே, அந்தப் பக்கமெல்லாம் எனக்கு ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க" என்றேன். படித்தாள். நாய் இருந்தது, பையன் இருந்தான், குல்லா இருந்தது. யார் நிற்கிறது, யாருக்குக் குல்லா? நான் நிமிர்ந்து அவள் கண்ணைத் தேடினேன். கண்ணாடியில் ட்யூப்லைட் வெளிச்சம்தான் தெரிந்தது. அடுத்த பக்கம். அதுவும் அப்படியே.

நீ கேட்டாயே, நீளமானது ஏன் விழுந்தது என்று. எனக்குத் தெரியாததை என் கண் எப்படிக் காட்டும்? அன்றைக்கு வாங்கிய மார்க் மிளகு வாங்கியது இல்லை. நான் வாங்கியது.

சேர்க்கைக்கான கேள்விகளில் கண்ணாடிப் பொண்ணு, "குடும்பத்துல வேற யாருக்காச்சும் இந்த மாதிரி இருக்கா சார்?" என்று கேட்டாள். நான், "அத இப்ப எழுதாதீங்க, கேட்டுச் சொல்றேன்" என்றேன். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

என்ன சொல்லட்டும்? நான் இத்தனை நாளாக என்னவாக இருந்தேன்? சோம்பேறி என்றார்கள். மண்டு என்றார்கள். ஜோக்கர் என்றார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது அதுவும் இல்லையா?

தம்பி

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே படித்தேன். அடுத்த குழந்தையின் அம்மா மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது.

உனக்கு இருக்கிறதா என்று கேட்கிறாய். எனக்குத் தெரியவில்லை. இந்த மாதிரி குழந்தைகளின் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருப்பது வழக்கம்தான். எத்தனையோ அப்பாக்களிடம் இதை நானே சொல்லியிருக்கிறேன். அவர்கள் நாற்காலியில் உன்னை உட்கார்த்திப் பார்க்கத்தான் எனக்குத் தெரியவில்லை. உன்னை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். அதனாலேயே எதுவும் தெரியவில்லை போலிருக்கிறது. கூட்டமாகப் பேசும்போது நீ எல்லாருக்கும் பிறகு ஒரு நொடி தள்ளிச் சிரிப்பாய். அது உன் பாணி என்று நினைத்தேன். பாணியாகவும் இருக்கலாம். நேற்றிலிருந்து உன்னைப் பற்றிய ஒவ்வொரு நினைவையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் இரண்டு அர்த்தம் வருகிறது.

உன் கடிதங்களையும் திரும்பப் படித்தேன். அவற்றில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. மூன்று தடவை கிழித்தாய் என்று நீ சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அந்தப் பெண்ணிடம் "இருக்கலாம்" என்று சொல். மிளகுக்கு உதவுகிறவர்களுக்கு அது தேவைப்படும். பெயர் என்ன, எவ்வளவு என்பதெல்லாம் பிறகு, உனக்கு வேண்டுமென்றால் மட்டும். ஜோக்கரை யாரும் உன்னிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

கை தட்டுவதற்காகச் சேர்த்துவைத்திருந்த பஸ் காசில் மிளகுக்குத் துணி வாங்கி அனுப்புகிறேன். அளவு சரியாக இருக்கிறதா என்று எழுது.

அக்கா

செப்டம்பர் 20

அக்கா,

துணி கொஞ்சம் பெரிசு. அடுத்த வருஷம் ஆகும்.

"இருக்கலாம்" என்று சொன்னேன். கண்ணாடிப் பொண்ணு எழுதிக்கொண்டாள். பெரிய விஷயமாக ஒன்றும் நடக்கவில்லை. பேனா மூடியை மூடிவிட்டு, "தேங்க்ஸ் சார்" என்றாள்.

சிறுவகுப்பில் மிளகுக்கு முதலில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் தெரியுமா? நான் நிறம், எண்ணிக்கை, பாட்டு என்று நினைத்தேன். "புரியல" என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். புரியாதபோது சும்மா தலையாட்டக் கூடாது, முகத்தைப் பார்த்து ஊகிக்கக் கூடாது, கையைத் தூக்கி "புரியல" என்று சொல்ல வேண்டும். உடனே இன்னொரு விதமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். இதற்கு ஒரு மாதம் ஆயிற்று.

இப்போது வீட்டில் அந்த ஒரு வார்த்தைதான். "குளிக்க வா." "புரியல." "சட்டையக் கழட்டு." "புரியல." தூங்கச் சொன்னால் நன்றாகப் புரிந்துகொண்டே "புரியல" என்கிறாள், கழுதை. மேடம் சிரித்துச் சிரித்து, "இவளுக்கு இதுதான் முதல்ல நல்லாப் புரிஞ்சிருக்கு" என்கிறாள். ஆனால் அக்கா, விளையாட்டுக்குச் சொல்வதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் நாள் முழுக்கச் சொல்கிறாள். இவ்வளவு நாள் சத்தமே போடாமல் எத்தனை விஷயத்தைக் கடந்து போயிருக்கிறாள்! சில நாள் எனக்குக் கேட்கவே முடிவதில்லை. சில நாள் அந்தச் சின்னக் கை மேலே போவதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கிறது. இரண்டில் எது சரி என்று தெரியவில்லை.

போன வாரம் நடந்தது ஒன்று. காலையில் முதலாளி வேலை பிரித்துக் கொடுப்பார். இங்கே மோட்டார், அங்கே பைப், மூன்றாவது வீட்டில் நாய் இருக்கிறது, பின்பக்கமாகப் போ, நாலாவது வீட்டம்மா மதியத்துக்கு மேல்தான் இருப்பார் என்று ஒரே மூச்சில். எனக்கு முதலாவதும் கடைசியும் நிற்கும். நடுவில் உள்ளதைக் கூட வருகிறவனிடம் ஏதாவது ஜோக் சொல்லி வாங்கிக்கொள்வேன். அன்றைக்கும் "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு வண்டி வரைக்கும் போய்விட்டேன். சாவியைப் போட்டேன். திருப்பவில்லை. இறங்கினேன்.

எல்லாரும் இருந்தார்கள். முதலாளி போனில் இருந்தார். பேசி முடிக்கிற வரை நின்றேன்.

"என்னப்பா?"

"நடுவுல சொன்னது புரியல சார். ஒண்ணொண்ணா சொல்லுங்க."

யாரோ ஒருத்தன் பின்னால் சிரித்தான். நான் என்னமோ ஜோக் அடிக்கப்போகிறேன் என்று நினைத்திருப்பான். நான் அடிக்கவில்லை. முதலாளி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு போனை மேசையில் வைத்துவிட்டு, முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார். மெதுவாக.

தம்பி